மழை நாளிலும் நிற்கக் கூடாத சிகிச்சை: உள்ளாட்சியின் அவசரகாலத் திட்டமும் நம் பங்கும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இந்த மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. அம்மாதங்கள் நெருங்கும்போது, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் குடும்பத்தினர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “தெருவில் தண்ணீர் ஏறிவிட்டால் சிகிச்சைக்கு எப்படி வருவது?”

இக்கேள்விக்கு மருத்துவமனை மட்டும் விடை சொல்லிவிட முடியாது. இயந்திரங்களும் மருந்தும் செவிலியரும் எங்களிடம் இருக்கலாம். ஆனால் இயந்திரத்துக்கு வேண்டிய நீர் குடிநீர் வாரியத்திடமிருந்து வருகிறது. மின்சாரம் மின்வாரியத்திடமிருந்து வருகிறது. நோயாளி வந்து சேரும் சாலை மாநகராட்சியின் அல்லது நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்று அறுந்தாலும் சிகிச்சை நின்றுவிடும். ஆகவே பேரிடர்க் காலத்தில் இன்றியமையாச் சேவைகள் தடைபடாமல் காக்க உள்ளாட்சி அமைப்புகள் எவ்வாறு திட்டமிடுகின்றன, அத்திட்டத்தில் நம் இடம் எது என்பதை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

நாட்கணக்கு ஏன் முக்கியம்?

நலமான சிறுநீரகங்கள் இரவும் பகலும் ஓயாது செய்யும் பணியை, டயாலிசிஸ் இயந்திரம் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் செய்ய முயல்கிறது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடைப்பட்ட காலத்தில் உடலில் நீரும் கழிவும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டே இருக்கும். இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிஈக்விவலன்ட் வரை. அது 6-ஐத் தாண்டி உயரும்போது இதயத்துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். சிலருக்கு எந்த முன்னறிகுறியும் இன்றியே அவ்வாறு நேர்வதுண்டு.

வாரம் மூன்று முறை சிகிச்சை பெறுபவர்களுக்கும் வார இறுதியில் ஓர் இடைவெளி நீண்டுவிடுகிறது. அந்த நீண்ட இடைவெளியை அடுத்து வரும் நாளில்தான் இதயக் கோளாறுகளும் இறப்புகளும் கூடுதலாக நிகழ்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் வாரம் இரு முறை மட்டும் வருவோர் பலர். அவர்களுக்கு ஒரு முறை தவறினால் இடைவெளி ஒரு வாரத்தை எட்டிவிடும். ஊர் வெள்ளத்தில் மூழ்கியிருக்கும் மூன்று நாட்கள் மற்றவர்களுக்குத் துன்பமான நாட்கள். இவர்களுக்கோ அவை உயிரோடு விளையாடும் நாட்கள்.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கிய கத்ரீனா புயலுக்குப் பின், அப்பகுதி டயாலிசிஸ் நோயாளிகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. அதில் 44 விழுக்காட்டினர் ஒரு முறையேனும் சிகிச்சையைத் தவறவிட்டிருந்தனர். ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை தவறவிட்டிருந்தனர். அவ்வாறு பலமுறை தவறவிட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. செல்வமும் இயந்திரமும் மிகுந்த நாட்டிலும், தொடர்பு அறுந்தால் நிகழ்வது இதுவே.

ஒரு முறை டயாலிசிஸுக்குப் பின்னால் எத்தனை பேர்?

முதலில் நீர். ஒரு டயாலிசிஸ் இயந்திரம் பொதுவாக நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் கரைசலைச் செலவிடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். இருபது இயந்திரங்கள் நாளுக்கு மூன்று சுற்று இயங்கும் பிரிவுக்குத் தூய நீர் மட்டும் 7,200 லிட்டர் வேண்டும். சுத்திகரிப்பில் கழியும் நீரையும் சேர்த்தால் 10,000 லிட்டருக்கு மேல் ஆகும். குழாய் வறண்ட நாளில் இது ஒரு லாரி நீர். அந்த லாரி வருவதற்கு ஒரு சாலை திறந்திருக்க வேண்டும்.

நீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் முக்கியம். வெள்ளத்துக்குப் பின் நோய்த்தொற்றைத் தடுக்கக் குடிநீரில் குளோரினைக் கூட்டுவார்கள். குடிப்பவர்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் டயாலிசிஸ் நீரில் குளோரினோ குளோரமினோ எஞ்சியிருந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். எங்கள் கரி வடிகட்டிகள் அதை நீக்குகின்றன. எனினும் குளோரின் எவ்வளவு கூட்டப்பட்டது, எந்த நாளில் கூட்டப்பட்டது என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் சோதனையையும் அதற்கேற்ப அடிக்கடி செய்ய முடியும். குடிநீர் வாரியத்தின் பொறியாளரும் டயாலிசிஸ் பிரிவின் தொழில்நுட்பரும் ஒருவர் எண்ணை மற்றவர் வைத்திருப்பது நல்ல திட்டத்தின் ஓர் அடையாளம். மழைக்கால வாரங்களில் உங்கள் சிகிச்சை அரை மணி தாமதமாகத் தொடங்கினால், பெரும்பாலும் இந்தச் சோதனைக்காகவே அது தாமதமாகிறது என்று பொறுத்தருளுங்கள்.

அடுத்து மின்சாரம். நீர் தேங்கிய தெருக்களில் மின்சாரத்தைத் துண்டிப்பது உயிர்காக்கும் செயல். அதைக் குறைகூற முடியாது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. டெல்டா மாவட்டக் கிராமங்கள் பல, வாரக்கணக்கில் இருளில் இருந்தன. இத்தகைய காலங்களில் மருத்துவமனைகள் மின்னாக்கியை நம்பியே இயங்குகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மின்னாக்கிகளே நீரில் மூழ்கிய நிகழ்வு, மின்னாக்கி எந்த உயரத்தில் நிறுவப்பட்டிருக்கிறது, எத்தனை நாளுக்கு டீசல் இருப்பு உள்ளது என்ற கேள்விகளை எல்லோருக்கும் கற்பித்தது.

மூன்றாவது சாலை. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர அடையாறு கரைபுரண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் தாழ்வான பகுதிகள் பல நாள் நீரில் நின்றன. இரண்டு வாரம் கழித்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் சாலைகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. சாலை அடைபடும்போது நோயாளி மட்டும் சிக்கிக்கொள்வதில்லை. செவிலியரும் தொழில்நுட்பரும் அதே தெருக்களில் குடியிருப்பவர்களே. அவர்களைப் பணியிடம் சேர்ப்பதும் திட்டத்தின் பகுதி.

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் ஒரு ஆணையத்தை அமைத்துள்ளது. மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளும் தமக்கென ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் வகுக்கவும், பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கவும், கருவிகளை எந்நேரமும் பயன்படும் நிலையில் வைக்கவும் அச்சட்டம் கடமைப்படுத்துகிறது. 2025-இல் வந்த திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனியே நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களை அமைக்க மாநில அரசுகளுக்கு வழிவகுத்துள்ளது.

எனவே திட்டம் என்ற ஒன்று ஏட்டில் இருக்கிறது. எந்தச் சுரங்கப்பாதையில் நீர் தேங்கும், எங்கே மோட்டார் வைக்க வேண்டும், எந்தப் பள்ளி நிவாரண முகாமாகும், படகுகள் எங்கே நிற்கும் என்பன அதில் இடம்பெறும். ஆனால் எந்தத் தெருவில், எத்தனையாவது மாடியில், எந்தக் கிழமையில் டயாலிசிஸ் தேவைப்படும் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி தானாக அதில் ஏறிவிடாது. அதை யாராவது மழைக்கு முன்னரே சேர்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு எவ்வாறு முடிகிறது?

தமிழ்நாட்டில் புயல் எச்சரிக்கை வந்ததும், பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனைகளில் சேர்க்கும் வழக்கம் நிலைபெற்றிருக்கிறது. இது எப்படி முடிகிறது என்று எண்ணிப் பார்த்தால் நமக்கும் ஒரு வழி தெரியும். ஒவ்வொரு கர்ப்பிணியும் ‘பிக்மி’ என்னும் பதிவேட்டில் பதிவாகிறார். அவருடைய முகவரியும் பேறுகால நாளும் கிராம சுகாதார செவிலியரின் கையில் இருக்கின்றன. எச்சரிக்கை வந்தவுடன் செவிலியர் புதிதாக எவரையும் தேட வேண்டியதில்லை. பட்டியலைத் திறந்தால் போதும். ஆம்புலன்ஸும் படுக்கையும் அதன் பின்னரே வருகின்றன.

டயாலிசிஸ் நோயாளிகள், வீட்டில் ஆக்சிஜன் பெறுபவர்கள், படுக்கையிலிருந்து எழ இயலாதவர்கள் ஆகியோருக்கும் இவ்வாறே ஒரு வார்டு வாரியான பட்டியல் வேண்டும் என்பதே நாங்கள் வலியுறுத்தும் கருத்து. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் ஏற்கெனவே பல வீடுகளுக்குச் சென்று இரத்தக்கொதிப்பு, நீரிழிவு மருந்துகளையும், வயிற்றுவழி டயாலிசிஸ் கரைசல் பைகளையும் தருகின்றனர். அந்த வீடுகள் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்தது பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கும் தெரிய வேண்டும்.

பட்டியலில் நிறைய எழுத வேண்டியதில்லை. பெயர், தெரு, மாடி எண். நோயாளியின் தொலைபேசி எண்ணோடு அண்டை வீட்டார் ஒருவரின் எண். சிகிச்சைக் கிழமைகளும் மையமும். நடக்க இயலுமா, நாற்காலியில் தூக்க வேண்டுமா. வீட்டில் மின்சாரத்தால் இயங்கும் உயிர்காப்புக் கருவி உண்டா. இவ்வளவு போதும். மாடி எண் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மின்தூக்கி நின்றுபோன கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து காலில் வலுவற்ற ஒரு முதியவரை இறக்க நான்கு பேர் வேண்டும். அது தெரியாமல் இருவரோடு வரும் படகு, வந்தும் பயனின்றித் திரும்ப நேரும். நோயின் முழு விவரமோ இரத்தப் பரிசோதனை முடிவுகளோ வார்டு அலுவலகத்துக்குத் தேவையில்லை. உங்கள் இசைவின்றி எந்தத் தகவலையும் நாங்கள் வெளியே தருவதும் இல்லை.

புயலுக்கு முந்தைய நாள்

2012 அக்டோபர் இறுதியில் நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளைச் சாண்டி புயல் தாக்கியது. புயல் கரையைத் தொடுமுன்பே அங்கிருந்த டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு முன்கூட்டியே சிகிச்சை அளிக்கப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வில், அவ்வாறு பெற்றவர்களிடையே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவதும், மருத்துவமனையில் சேர்வதும், ஒரு மாதத்துக்குள் இறப்பதும் குறைவாக இருந்தன.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், உங்கள் முறை நாளை மறுநாள்தானே என்று காத்திருக்க வேண்டாம். உடனே உங்கள் மையத்தை அழையுங்கள். நேரத்தைச் சற்றுக் குறைத்துக் கூடுதல் சுற்று நடத்தி, இயன்றவரை எல்லோருக்கும் முன்கூட்டியே சிகிச்சை தர மையங்கள் முயலும். அன்றிரவு கூடுதல் நீர் லாரியும், பணியாளர் வந்துசெல்ல வாகனமும் கிடைத்தால்தான் அது நிறைவேறும். மருத்துவமனையும் உள்ளாட்சியும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டிய ஏற்பாடு இது.

குடும்பத்தினர் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியவை

ஒன்று, சிகிச்சைக் குறிப்புத் தாள். உலர் எடை, சிகிச்சைக் கிழமைகள், கடைசியாகச் செய்த நாள், கையில் ஃபிஸ்துலாவா கழுத்தில் குழாயா, இரத்த வகை, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை ஆகியவை அதில் இருக்க வேண்டும். வேறொரு மையத்தில் சிகிச்சை பெற நேர்ந்தால் எந்த இயந்திரத்தை ஒதுக்குவது என்று முடிவுசெய்ய இம்முடிவுகள் தேவை. காப்பீட்டு அட்டை, ஆதார் நகல்களோடு இதை நெகிழி உறையில் இட்டு வையுங்கள். கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இரண்டு, குறைந்தது ஒரு வாரத்துக்கான மருந்து. பொட்டாசியத்தைக் குறைக்கும் தூளை வீட்டில் வைத்திருக்கலாமா, எவ்வளவு உட்கொள்ளலாம் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று, செல்லக்கூடிய இடம். உங்கள் பகுதி வழக்கமாக நீர் தேங்கும் பகுதியானால், எச்சரிக்கை நாட்களில் மையத்துக்கு அருகே மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு முன்னரே சென்றுவிடுவது படகுக்குக் காத்திருப்பதைவிட நல்லது.

நான்கு, எண்கள். மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, பெருநகர சென்னை மாநகராட்சி 1913, ஆம்புலன்ஸ் 108, மின்தடைப் புகாருக்கு மின்னகம் 94987 94987. அழைக்கும்போது “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவசரம் புரியாது. “டயாலிசிஸ் நோயாளி, கடைசியாகச் செய்து மூன்று நாளாகிறது, மூச்சு வாங்குகிறது, இரண்டாம் மாடி, நடக்க இயலாது” என்று கிழமையையும் மாடியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிவாரண உணவில் கவனம்

வெள்ள நாட்களில் அன்போடு வரும் பொட்டலங்கள் பெரும்பாலும் புளியோதரை, தக்காளி சாதம், ஊறுகாய், பிஸ்கட், வாழைப்பழம், பால் ஆகியவையாகவே இருக்கும். களைத்தவருக்கு இளநீர் கொடுப்பதும் நம் ஊர் வழக்கம். புளி, தக்காளி, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. ஊறுகாயிலும் அப்பளத்திலும் உப்பு மிகுதி. டயாலிசிஸ் தள்ளிப்போன நாளில் இவை நஞ்சுக்கு நிகராகும். வெறும் சோறு, சாம்பாரின்றி இட்லி, ரவை உப்புமா, அவல், ரொட்டி போன்றவை ஓரளவு பாதுகாப்பானவை. சிகிச்சை தவறினால் நீரருந்தும் அளவையும் மருத்துவர் கூறியபடி மேலும் குறைக்க வேண்டும். பொதுவாக எல்லாப் பானங்களும் சேர்த்து நாளுக்கு அரை லிட்டர் அளவில் நிறுத்தச் சொல்வோம். கைகால் தளர்ச்சி, படபடப்பு, படுத்தால் மூச்சுமுட்டல் ஆகியவை தோன்றினால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

வீட்டிலேயே சிகிச்சை பெறுபவர்கள்

வயிற்றுவழி டயாலிசிஸைக் கையால் மாற்றிச் செய்பவர்களுக்கு இயந்திரம் வேண்டியதில்லை, மின்சாரமின்றியும் செய்யலாம். ஆனால் வெள்ளநீர் கலந்த நீரில் கைகழுவினால் வயிற்றில் தொற்று ஏறும். கொதிக்கவைத்து ஆறிய நீரையும் கைத்தூய்மித் திரவத்தையும் தனியே வையுங்கள். கரைசல் பைகளை உயரமான பரணில் அடுக்குங்கள்.

ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 300 வாட் மின்சாரம் எடுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் ஒன்று அதை மூன்று, நான்கு மணி நேரமே தாங்கும். 1,500 லிட்டர் கொள்ளும் பி-வகை உருளை, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஏறத்தாழ 12 மணி நேரம் வரும். இக்கணக்கை உங்கள் தேவைக்கு ஏற்பப் போட்டுப் பார்த்து, எந்த மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். இன்சுலின் பயன்படுத்துவோர், குளிர்பெட்டி நின்றுவிட்டால் மருந்துக் குப்பியை நீர் புகாத உறையில் இட்டு மண்பானைக் குளிர்ச்சியில் வைக்கலாம். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான குப்பிகள் வெயில் படாத அறைவெப்பத்தில் நான்கு வாரம் வரை கெடுவதில்லை.

மழைக்கு முன் கேட்க வேண்டியவை

திட்டம் அலமாரியில் இருப்பதற்கும் தெருவில் நடப்பதற்கும் இடையே உள்ள தொலைவைக் கேள்விகளே குறைக்கின்றன. கிராமங்களில் அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபை, பருவமழைக்குச் சற்று முன் அமைகிறது. நகரங்களில் ஏரியா சபையும் வார்டு குழுவும் உள்ளன. அங்கே நோயாளிகளின் குடும்பத்தினர் எழுந்து நான்கு கேள்விகளைக் கேட்கலாம். நம் வார்டில் தொடர் சிகிச்சை தேவைப்படுவோரின் பட்டியல் இருக்கிறதா? அது கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? வெள்ள நாளில் அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு யார் பெயரில் இருக்கிறது? அருகிலுள்ள டயாலிசிஸ் மையத்துக்கு நீரும் மின்சாரமும் முன்னுரிமையில் தரப்படுமா?

இவை சலுகை கேட்கும் கேள்விகள் அல்ல. சட்டம் ஏற்கெனவே விதித்த கடமையைப் பற்றிய கேள்விகள். எங்கள் பங்காக, டயாலிசிஸ் பிரிவின் வரவேற்பு மேசையில் ஒரு பக்கப் படிவத்தை வைத்துள்ளோம். அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது மாடி எண்ணையும் அண்டை வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் மறவாமல் நிரப்பித் தாருங்கள். உங்கள் இசைவோடு அதை வட்டார சுகாதார அலுவலரிடம் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.